ஹைபிரிட்டா, முழு மின்சாரக் காரா? வன்னி வியாபாரியின் கணக்கு

ஐந்து வருடங்களாக மூடிக் கிடந்த தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டதன் பின்னர், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வியாபாரிகள் மத்தியில் ஒரு கேள்வி அடிபடுகின்றது. பழைய காரைக் கொடுத்துவிட்டு ஹைபிரிட் எடுப்பதா, அல்லது பெற்றோலே தேவைப்படாத முழு மின்சாரக் காருக்குப் போய்விடுவதா? கொழும்பில் இருப்பவருக்கு இது ரசனை சம்பந்தப்பட்ட விடயமாக இருக்கலாம். கடையின் முதலில் இருந்து காசு எடுத்து வாகனம் வாங்கும் எமது வியாபாரிக்கு அப்படியல்ல. ஒரு காரில் முடங்கும் பணம், பலருடைய கடையில் இருக்கும் மொத்தச் சரக்கை விட அதிகம்.

இரண்டு சக்தியில் வண்டி ஓட்டுவது வன்னி மண்ணுக்குப் புதிதல்ல. பெற்றோல் தடை செய்யப்பட்டிருந்த 1990களில் இங்கும் யாழ்ப்பாணத்திலும் மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளிகள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி விடுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும், எஞ்சினின் ஆயுளும் குறையும். ஆனாலும் வண்டி ஊர் போய்ச் சேரும். கிடைப்பதை வைத்து ஓட்டும் அந்தப் புத்தி இன்றைய கேள்விக்கும் உதவும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். ஹைபிரிட் கார் மின்சாரக் கார் அல்ல. டொயோட்டா 1997இல் ஜப்பானில் பிரியஸைச் சந்தைக்கு விட்ட நாளிலிருந்து அதன் தத்துவம் ஒன்றுதான்: காருக்குப் போடுவது பெற்றோல் மட்டுமே. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை ஒரு மோட்டார் மின்சாரமாக மாற்றிச் சிறிய பற்றரியில் சேர்க்கிறது. வண்டி புறப்படும்போதும் மெதுவாக ஊரும்போதும் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. முழு மின்சாரக் காரில் எஞ்சினே இல்லை. தரைக்கு அடியில் பெரிய பற்றரி, ஒரு மோட்டார், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவே, சுவரில் செருகிச் சார்ஜ் செய்யக்கூடிய பிளக்-இன் ஹைபிரிட் இருக்கிறது. எமது வீதிகளில் நிறைய ஓடும் வெகன் ஆர் போன்றவற்றில் ஹைபிரிட் என்று ஒட்டியிருந்தாலும் அவை மிதமான வகையைச் சேர்ந்தவை. மின்சாரத்தில் மட்டும் ஓடும் சக்தி அவற்றுக்கு இல்லை என்றே சொல்லலாம்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விடயம் உண்டு. ஹைபிரிட்டின் மிச்சம் பிரேக்கில் இருந்து வருகிறது. மருதானைச் சந்தியில் நின்று நின்று ஊரும் அக்குவா, அதே வகுப்புப் பெற்றோல் காரை விட மிகக் குறைவாகக் குடிக்கும். வவுனியாவிலிருந்து மாங்குளம் வரை ஏ-9 வீதியில் ஒரே வேகத்தில் போகும்போது பிரேக்குக்கு வேலையில்லை. ஆகவே, கொழும்பிலுள்ள மைத்துனர் சொல்லும் லீற்றர் கணக்கை அப்படியே நம்பி வன்னிக்குக் கார் எடுக்கக் கூடாது. மின்சாரக் காருக்கும் நீண்ட வீதியில் ஒரே வேகத்தில் ஓடுவது அவ்வளவு உவப்பானதல்ல. ஆனால் நகரத்திற்கு வெளியே கார்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் 70 கிலோமீற்றர் வேகத்தோடு நின்று கொண்டால் பெரிய நட்டமில்லை.

உலகம் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டால் மின்சாரத்தின் பக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். நோர்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ 89 வீதம் முழு மின்சாரக் கார்கள். வன்னியில் எத்தனையோ குடும்பங்களுக்கு ஒஸ்லோவிலோ பேர்கனிலோ உறவினர் இருப்பதால் இந்தச் செய்தி இங்கு வேகமாகப் பரவியிருக்கிறது. ஆனால் நோர்வேயின் மின்சாரம் பெரும்பாலும் நீர்வீழ்ச்சியில் இருந்து வருவது. 2001 முதல் மின்சாரக் கார்களுக்கு அந்த அரசு பெறுமதி சேர் வரியில் விலக்கும் கொடுத்து வந்தது. மறுபுறம் டொயோட்டாவின் தலைவர் அக்கியோ டொயோடா, முழு மின்சாரக் கார்கள் உலகச் சந்தையில் 30 வீதத்தைத் தாண்டாது என்று 2024 ஜனவரியில் கூறினார். ஹைபிரிட்டில் கோடி கோடியாகச் சம்பாதிக்கும் நிறுவனத்தின் தலைவர் வேறு எப்படிச் சொல்வார் என்று கேட்கலாம். சீனாவின் பி.வை.டி. 2025இல் முழு மின்சாரக் கார் விற்பனையில் அமெரிக்காவின் டெஸ்லாவை முந்தி விட்டது. இருபது வருடங்களுக்குப் பிறகு எது நிலைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எமது வியாபாரி இருபது வருடத்திற்குக் கார் வாங்குவதில்லை. ஐந்து, ஆறு வருடத்தில் விற்றுவிடுவார். அந்த ஐந்து, ஆறு வருடத்தில் நட்டத்தை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2014, 2015 காலப்பகுதியில் மின்சாரக் கார்களுக்கு வரி மிகக் குறைவாக இருந்தது. ஜப்பானில் பாவித்த நிசான் லீஃப் கார்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. பின்னர் வரி கூட்டப்பட்டது, வரவும் குறைந்தது. அந்த முதல் லீஃப்பில் இருந்தது 24 கிலோவாற் மணித்தியாலப் பற்றரி. புதிதாக இருக்கும்போதே நம் வீதியில் நம்பி ஓடக்கூடிய தூரம் 120 கிலோமீற்றரைச் சுற்றித்தான். அதன் பற்றரியைக் குளிர்விக்கத் திரவ முறை எதுவும் இல்லை. உஷ்ணமான நாட்டில் அது விரைவாகத் தேய்ந்தது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனப் பகுதியில் 2012இலேயே உரிமையாளர்கள் இதைப் பற்றி முறையிடத் தொடங்கிவிட்டார்கள். வவுனியாவின் சித்திரை வெயிலில் தகரக் கூரை கூட இல்லாமல் நிறுத்தி வைக்கப்படும் காருக்கு என்ன நடக்கும் என்று ஊகித்துக் கொள்ளலாம். பல லீஃப் கார்களின் டாஷ்போட்டில் பன்னிரண்டு கோடுகளாக இருந்த பற்றரி அளவு எட்டு, ஏழு எனக் குறைந்தது. விலையும் அதோடு இறங்கியது.

அதே லீஃப் 2022இல் ராஜாவானது. அவ்வருடம் ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயைத் தொட்டது. காசு இருந்தும் பெற்றோல் இல்லை, வரிசையில் இரவு பகலாக நின்றார்கள், பின்னர் கியூ.ஆர். பங்கீடு வந்தது. லீஃப் வைத்திருந்தவர் வீட்டில் செருகிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார் என்று இன்றும் சொல்வார்கள். அதுவும் முழு உண்மையல்ல. அதே வருடம் மார்ச் 31ஆம் திகதி நாடு முழுவதும் 13 மணித்தியால மின்வெட்டு. டொலர் இல்லாவிட்டால் பெற்றோலும் வராது, நுரைச்சோலைக்கு நிலக்கரியும் வராது. ஹைபிரிட் எடுத்தால் பெற்றோலுக்குக் கட்டுப்பட வேண்டும், மின்சாரக் கார் எடுத்தால் மின்சார நிலையத்துக்குக் கட்டுப்பட வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோதும் நாட்டின் பல பகுதிகளில் மின்சாரம் நாட்கணக்கில் இல்லாமற் போனதை மறக்கக் கூடாது.

இனி எமது சொந்தக் கணக்குக்கு வருவோம். பெற்றோல் விலை 2025 முழுவதும் 300 ரூபாயைச் சுற்றியே நின்றதால் அதையே எடுத்துக் கொள்கிறேன். மின்சாரம் யுனிட் 50 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். வாசகர் தமது பில்லைப் பார்த்து மாற்றிக் கொள்ளட்டும். மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடும் ஒருவருக்கு, லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் சாதாரணக் காரில் 37,500 ரூபா செலவு. லீற்றருக்கு 20 ஓடும் ஹைபிரிட்டில் 22,500. யுனிட்டுக்கு 6 கிலோமீற்றர் ஓடும் மின்சாரக் காரில் 250 யுனிட், அதாவது 12,500. சாதாரணக் காரில் இருந்து ஹைபிரிட்டுக்கு மாறும்போது மிச்சமாவது 15,000. ஹைபிரிட்டில் இருந்து மின்சாரத்திற்கு மாறும்போது மேலும் மிச்சமாவது 10,000 மட்டுமே. மின்சாரக் கார் ஹைபிரிட்டை விட 20 இலட்சம் கூடவாக இருந்தால், அந்த 20 இலட்சம் திரும்பி வர பதினாறு வருடத்திற்கு மேல் செல்லும். மாதம் 4,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு ஆறேகால் வருடத்தில் முடிந்துவிடும். இரண்டும் ஒரே விலைக்கு வந்தால் முதல் மாதத்தில் இருந்தே மிச்சம்தான். ஆகவே விற்பனையாளர் காட்டும் ‘பெற்றோல் செலவு பூச்சியம்’ என்ற படத்தைப் பார்த்து மயங்காமல், தனது மாத ஓட்டம் எவ்வளவு என்பதை மீற்றரில் பார்த்து எழுதிக் கொண்டு போக வேண்டும். பலருடைய உண்மையான ஓட்டம் அவர்கள் நினைத்திருப்பதில் பாதிதான் இருக்கும்.

மின்சாரப் பில்லில் ஒரு பொறி உண்டு. வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. ஏற்கெனவே 150 யுனிட் எரிக்கும் வீட்டில் காருக்காக 250 யுனிட் சேர்ந்தால், அந்த 250இல் பெரும்பகுதி மேல்படியின் விலையில் விழும். நேர அடிப்படைக் கட்டணத்திற்கு மாறினால் இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை மலிவு; மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மிக விலை. கடை பூட்டி வீடு வந்ததும் காரைச் செருகும் பழக்கம் உள்ளவருக்கு இது நேர்மாறான அட்டவணை. இஷா முடிந்து சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது செருகப் பழக வேண்டும், அல்லது காரிலேயே நேரம் குறித்து வைக்க வேண்டும்.

உண்மையான இலாபம் கூரையில் இருக்கிறது. 2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறைக் காலத்தில் தேவையை விட மின்சாரம் கூடிவிட்டது என்று கூரைச் சோலர் வைத்திருப்பவர்களிடம் பகலில் அதை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக் கொண்டது. அதற்கு இரண்டு மாதத்திற்கு முன், பெப்ரவரி 9ஆம் திகதி ஒரு ஞாயிறு, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்ட கதையும் எல்லோருக்கும் தெரியும். பகல் வெயிலில் மின்சாரம் மிஞ்சுகிறது, இரவில் நிலக்கரியை எரிக்கிறோம். வன்னியில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் பகலில் வியாபாரியின் கார் எங்கே நிற்கிறது? கடை வாசலில். ஆகவே மின்சாரக் காருக்காகச் சோலர் போடுபவர் வீட்டுக் கூரையில் போடுவதை விடக் கடைக் கூரையில் போடுவதே புத்தி. கடை சொந்தமாக இல்லாமல் வாடகையாக இருந்தால், உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஒரு பலகையைக் கூட ஏற்ற வேண்டாம்.

சார்ஜ் செய்யும் வயரிங் பற்றியும் சொல்ல வேண்டும். ஏஜென்ட் காட்டும் 7 கிலோவாற் சுவர்ச் சார்ஜருக்கு 32 அம்பியர் வேண்டும். எமது வீடுகளில் சாதாரணமாக இருப்பது 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு. அதில் ஃபிரிஜ்ஜும் தண்ணீர் மோட்டரும் அயன்பெட்டியும் ஏற்கெனவே தொங்குகின்றன. மூன்று கட்ட இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டி வரும். அந்தச் செலவையும் காரின் விலையோடு கூட்டுங்கள். சாதாரண பிளக்கில் 2.5 கிலோவாற் அளவில் செருகினால் 60 கிலோவாற் மணித்தியாலப் பற்றரி வெறுமையில் இருந்து நிரம்ப ஒரு முழு நாள் வேண்டும். ஆனால் தினமும் 60 கிலோமீற்றர் ஓடுபவருக்கு 10 யுனிட் போதும், நான்கு மணித்தியாலத்தில் ஏறிவிடும். ஊருக்குள் ஓடுபவர் சுவர்ச் சார்ஜருக்காக அவசரப்பட வேண்டியதில்லை.

தூரப் பயணம்தான் வன்னியில் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, யுத்தம் முடிந்த பின் முல்லைத்தீவுக்குத் திரும்பிய எமது மக்களில் பலருக்கு இன்றும் ஒரு கால் புத்தளத்தில், ஒரு கால் முல்லைத்தீவில். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் வயதான பெற்றோரும் அங்கே. காணியும் கடையும் இங்கே. புத்தளத்திலிருந்து அநுராதபுரம், வவுனியா, மாங்குளம் ஊடாக முல்லைத்தீவு வரை 200 கிலோமீற்றருக்கு மேல். பழைய லீஃப் இந்தப் பயணத்தை ஒரே மூச்சில் செய்யாது. 60 கிலோவாற் மணித்தியாலப் பற்றரி உள்ள புதிய கார் செய்யும்; சேர்ந்ததும் இரவு முழுக்கச் செருகி வைத்தால் ஓரிரு நாளில் திரும்பலாம். பெருநாள் சாமான் எடுக்கக் கிளிநொச்சியிலிருந்து புறக்கோட்டைக்கு ஒரே நாளில் போய்வரும் துணிக்கடைக்காரருக்குப் போக மட்டும் 330 கிலோமீற்றர் அளவில். அவருக்கு இன்றைய நிலையில் ஹைபிரிட்தான் பொருத்தம் என்பேன். வவுனியாவிலிருந்து செட்டிகுளம், மன்னார், கிளிநொச்சி என்று சுற்றி மாலைக்குள் வீடு திரும்பும் மொத்த வியாபாரிக்கு, கடைக்கூரையில் சோலரும் இருந்தால், முழு மின்சாரக் கார் பொருந்தும். சரக்கு ஏற்றும் பட்டாவை விற்றுவிட்டுக் கார் எடுக்க நினைப்பவருக்கு எதுவும் பொருந்தாது. அவர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

வழியில் சார்ஜ் செய்யலாம் என்பவர்கள் பிளக்கின் வகையைக் கேட்பதில்லை. ஜப்பான் லீஃப்புக்கு வேகச் சார்ஜ் சாடெமோ என்ற வகை. உள்ளூர் முகவர் மூலம் வரும் பி.வை.டி. போன்றவற்றுக்கு சி.சி.எஸ்.-2. சீன உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டு வேறு வழிகளில் இறங்கும் கார்களுக்கு ஜி.பி./டி. என்ற மூன்றாவது வகை. நிலையத்தில் மெஷின் இருந்தும் உங்கள் காருக்குப் பொருந்தாமல் நிற்க நேரிடலாம். காசு கொடுப்பதற்கு முன் உங்கள் வழமையான வழியில் உள்ள நிலையங்களுக்கு ஒரு தடவை நேரில் போய், எந்தப் பிளக், எத்தனை கிலோவாற், இரவில் திறந்திருக்குமா என்று பார்த்து வாருங்கள்.

வரி விடயத்தில் ஹைபிரிட்டுக்கு எஞ்சினின் சீ.சீ. அளவிலும், மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவாற் அளவிலும் உற்பத்தி வரி கணக்கிடப்படுகிறது. 2025இன் நடுப்பகுதியில் நூற்றுக்கணக்கான பி.வை.டி. கார்கள், மோட்டாரின் வலு பற்றிய சந்தேகத்தால் சுங்கத்தில் நிறுத்தப்பட்டன. விடயம் நீதிமன்றம் வரை சென்று, வங்கி உத்தரவாதத்தின் பேரில் விடுவிக்கப்பட்டன. யார் சரி என்பது எமது வேலையல்ல. முற்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களின் நிலையை மட்டும் யோசியுங்கள். முற்பணம் கட்டும்போது, வரியில் வித்தியாசம் வந்தால் யார் தருவது, தாமதித்தால் பணம் எப்போது திரும்பும் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். வளைகுடாவில் உழைத்து அனுப்பிய பணத்தின் அடிப்படையில் 2022இல் கொடுக்கப்பட்ட அனுமதியில் வந்த மின்சாரக் கார்களும் இப்போது கை மாறுகின்றன. அவற்றை வாங்குபவர் முகவர் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

பாவித்த ஹைபிரிட் வாங்குவோருக்கும் பொறிகள் குறைவில்லை. பிரியஸின் பழைய நிக்கல் பற்றரியில் 28 பாகங்கள், அக்குவாவில் 20. ஒன்று பழுதானால் கராஜில் அந்த ஒன்றை மட்டும் மாற்றி விற்றுவிடுவார்கள். பழையதும் புதியதும் சேர்ந்தால் சில மாதங்களில் இன்னொன்று போகும். பின் சீற்றுக்குப் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று இழுக்கும் சிறு ஜன்னல் இருக்கும். செம்மண் புழுதியில் அதன் வடிகட்டி அடைத்துவிட்டால் பற்றரி சூடேறிச் சாகும். வன்னியில் ஓடிய ஹைபிரிட்டைப் பார்க்கப் போனால் முதலில் அந்த வலையைக் கழற்றிப் பாருங்கள். பின்னர் ஒரு ஸ்கேனரைச் செருகி ஒவ்வொரு பாகத்தின் வோல்ட்டும் பக்கத்தில் இருப்பதோடு ஒத்துப் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாவித்த மின்சாரக் காரில் பற்றரியின் மிச்ச ஆரோக்கியம் எத்தனை வீதம் என்று அதே ஸ்கேனர் காட்டும். எழுபதுக்குக் கீழே என்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடலாம்.

வட்டியைத் தவிர்க்க இஜாரா முறையில் எடுப்பவர்கள் ஒரு கேள்வியை மறக்கக் கூடாது. இஜாராவில் தவணை முடியும்வரை வாகனத்தின் உரிமை நிறுவனத்துடையது. உரிமையோடு வரும் பெரிய பழுதும் கொள்கையளவில் அதன் பொறுப்பே. அப்படியென்றால் நான்காவது வருடத்தில் பற்றரி செத்தால் யார் மாற்றுவது? பல ஒப்பந்தங்களில் இந்தப் பொறுப்பு வேறொரு பத்திரத்தின் மூலம் வாடிக்கையாளரின் தலையில் வந்திருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ‘பற்றரி’ என்ற சொல் அந்தப் பத்திரத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காப்புறுதிப் பத்திரத்திலும் அதே சொல்லைத் தேடுங்கள். வெள்ள நீர் புகுந்தால் பற்றரிக்கு முழுப் பெறுமதியா, தேய்மானம் கழித்தா என்று கேட்டு அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள்.